வாசல் தவறிய புரதம்

முதல் கல் வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். காலை வழிபாட்டுக்கு வரிசையில் நின்றபோது முதுகின் இடப்பக்கம் ஒரு வலி தொடங்கியது. அது அடிவயிற்றுக்கு இறங்கியதும் நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை; மைதானத்துப் புழுதியில் படுத்துப் புரண்டேன். மாங்கூழ் ஆலையில் வேலை பார்த்த அப்பா பாதி ஷிஃப்டில் ஓடிவந்தார். வேப்பனப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகத்தில் கல் என்றார்கள். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். அம்மா வாழைத்தண்டுச் சாறு பிழிந்து கொடுத்தாள். கல் போய்விட்டது, நாங்களும் அதை மறந்துவிட்டோம்.

எங்கள் பக்கத்தில் கல் வந்தது என்றால் யாரும் பயப்படமாட்டார்கள். போர் தண்ணீர் அப்படி. காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். அதைச் சுரண்டிக் காட்டி, இதைத்தானே குடிக்கிறோம் என்பார்கள். தெருவுக்கு இரண்டு பேருக்காவது கல் இருக்கும். ஆகவே எனக்கு அடுத்த கல் வந்தபோதும், அதற்கடுத்தது வந்தபோதும், தண்ணீரைத்தான் குற்றம் சொன்னோம்.

இதை எழுதுவது, சின்ன வயதிலிருந்தே கல் வந்துகொண்டிருக்கும் ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறார் என்றால் அவருக்காக. எனக்குத் தெரியாமல் போனது அவருக்காவது தெரியட்டும். எழுதும்போதே சீக்கிரம் களைத்துவிடுகிறேன். விட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

திருமணமாகி ஓசூருக்கு வந்தேன். கணவர் லாரன்ஸ் உலோகத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். நான் வாகனங்களுக்கு வயர் பின்னும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். அங்கே மாற்றாள் வந்து நின்றால்தான் லைனை விட்டு எழ முடியும். மாற்றாளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் சூப்பர்வைசர் முகம் மாறும். பெண்கள் எல்லாரும் தண்ணீரைக் குறைத்துக்கொண்டோம். நானும் குறைத்துக்கொண்டேன். கற்கள் தொடர்ந்து வந்தன. ஒருமுறை அதிர்வலை கொடுத்து உடைத்தார்கள். ஒருமுறை ஸ்டென்ட் (சிறுநீர்க் குழாய் அடைபடாமல் உள்ளே வைக்கும் மெல்லிய குழல்) வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவமனை, வேறு டாக்டர். ஒவ்வொருவரும் அன்றைய கல்லைப் பார்த்து அதை எடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முந்தைய கற்களைப் பற்றி நானே ஒழுங்காகச் சொன்னதில்லை.

மகள் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம் களைப்பு தொடங்கியது. காலையில் எழும்போதே வேலை முடித்து வந்தவள்போல இருந்தேன். செருப்பு இறுகியது. எதைச் சாப்பிட்டாலும் வாயில் இரும்பு நக்கியதுபோல ஒரு சுவை. ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் யாரோ டிபன் டப்பாவைத் திறந்த வாசனைக்கு வாந்தி எடுத்தேன். கர்ப்பமோ என்று பக்கத்தில் இருந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவுப்பொருள்) பல மடங்கு ஏறியிருந்தது. இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிட்டன என்றார்கள். இத்தனை வருடக் கற்களும் அடைப்புகளும் சேர்ந்து இப்படிச் செய்திருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். அது நம்பும்படியான காரணமாகவே இருந்தது. நாங்களும் நம்பினோம்.

டயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியே ரத்தத்தைச் சுத்திகரித்துத் திரும்பச் செலுத்துதல்) ஆரம்பித்தது. இதைச் செய்துகொள்பவர்களுக்கு நான் எதையும் விவரிக்க வேண்டியதில்லை. செய்யாதவர்களுக்கு விவரித்தாலும் புரியாது. முதலில் எடை பார்ப்பார்கள். இரண்டு ஊசிகள் குத்துவார்கள். அரை நாள் படுத்துக் கிடக்க வேண்டும். எழுந்தால் பிழிந்து உதறிய துணிபோல இருக்கும். மறுநாள் கொஞ்சம் தெளிவு வரும். அந்தத் தெளிவில் துவைத்து, சமைத்து, மகளின் பாடத்தைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்த டயாலிசிஸ் வந்துவிடும். வேலையை விட்டேன். சிறுநீர் நின்றுபோனதால் குடிக்கும் தண்ணீருக்கு அளவு வைத்தார்கள். மாத்திரை விழுங்கும் தண்ணீரும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்றார்கள். கணவரின் ரத்த வகை சேரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, அப்பாவுக்கு ரத்த அழுத்தம். மிஞ்சியது என் தம்பி அமல்.

அமல் என்னைவிட ஆறு வயது இளையவன். இரு சக்கர வாகன உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. ஆனேக்கல்லைச் சேர்ந்த கவிதாவை விரும்பித் திருமணம் செய்துகொண்டவன். கவிதா வீட்டில் கன்னடம் பேசுவார்கள்; எங்களோடு பேசப் பேசத் தமிழ் கற்றுக்கொண்டாள். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை.

அன்று அமல் எங்கள் வீட்டுக் குழாயைக் கழற்றி வாஷர் மாற்றிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே பேசினான். "என்னோடத எடுத்துக்கோக்கா. எனக்கு ஒண்ணு போதும்." அதைச் சொல்லிவிட்டு, பழைய வாஷர் எப்படித் தேய்ந்திருக்கிறது பார் என்று காட்டினான். அம்மா அழுதாள். கவிதா எழுந்து சமையலறையில் போய் நின்றுகொண்டாள்.

அதன் பிறகு பல வாரங்கள் அவள் சரியாகப் பேசவே இல்லை. வந்தால் குழந்தையைச் சாக்குவைத்துச் சீக்கிரம் கிளம்பிவிடுவாள். அவளுக்கு மனசில்லை என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். அந்நியத்திலிருந்து வந்தவளுக்கு எப்படி இருக்கும் என்று என் காதுபடவே சொன்னாள். கவிதாவின் இடத்தில் நான் இருந்தாலும் பயந்திருப்பேன் என்று அம்மாவிடம் சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அவள்மீது வருத்தம் இருந்தது.

பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் பார்க்க ஏற்பாடாயிற்று. அங்கே சிறுநீரக மருத்துவர் நிதானமாகப் பேசும் ஒரு பெண்மணி. ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர். எங்களோடு தமிழிலேயே பேசினார். தருபவரின் துணையிடமும் சம்மதம் கேட்பது அங்கே வழக்கம். என்னையும் லாரன்ஸையும் அமலையும் கவிதாவையும் ஒன்றாக உட்காரவைத்து, கடைசியில் கவிதாவின் பக்கம் திரும்பினார். உங்களுக்குச் சம்மதமா, யாராவது வற்புறுத்துகிறார்களா என்று கேட்டார்.

கவிதா அமலைப் பார்த்தாள். அவன் பார்வையாலேயே தடுத்தான். அவள் கன்னடத்தில், "நானு சுள்ளு ஹேளல்லா" என்றாள். பொய் சொல்லமாட்டேன் என்று பொருள். பிறகு டாக்டரிடம் தமிழில் சொன்னாள்.

"குடுக்கறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். ஆனா இவருக்கும் கல்லு வருது. ஸ்கூல்ல படிக்கறப்பவே வந்துச்சாம். போன வருஷம்கூட ரத்தமா போச்சு. அத்திப்பள்ளில போய் யாருக்கும் தெரியாம பாத்துக்கினாரு. அக்காவுக்குக் குடுக்க விடமாட்டாங்கன்னு என்னயும் சொல்லக்கூடாதுன்னுட்டாரு."

அமல் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னக் கல்தான், தானாகவே போய்விடும் என்று முணுமுணுத்தான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எங்கள் அம்மாவும் அப்பாவும் சொந்தமா என்று கேட்டார். அப்பா அம்மாவுக்குச் சொந்த மாமன் மகன் என்றேன். குடும்பத்தில் வேறு யாருக்காவது சிறுநீரகம் கெட்டதா என்று கேட்டார். அம்மாவின் சித்தப்பா ஒருவர் சிறுவயதிலேயே வயிறு வீங்கி இறந்ததாகச் சொல்வார்கள். அதையும் சொன்னேன். எனக்கு இதுவரை எத்தனை கல் வந்தது என்றார். எண்ணிச் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை.

அமலுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் சிறு கற்கள் இருந்தன. மற்றபடி அவனுடைய சிறுநீரகங்கள் நன்றாகவே வேலை செய்தன. அந்த ஸ்கேன் மட்டும் இருந்திருந்தால், கல்லை எடுத்துவிட்டு மேலே யோசித்திருப்போம் என்று டாக்டர் பிறகு எங்களிடம் சொன்னார். கவிதா சொன்னதால்தான் நிறுத்தினேன் என்றார். இருவரின் ரத்தத்தையும் அவனுடைய சிறுநீரையும் வெளியூருக்கு அனுப்பினார்கள். மரபணுப் பரிசோதனையும் (பெற்றோரிடமிருந்து வந்த பிழை ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது) செய்யச் சொன்னார்கள். அறுவை தள்ளிப்போனது.

காத்திருந்த அந்த வாரங்களில் நான் டயாலிசிஸுக்குப் போய்வந்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. முடிவு வருகிறதா என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை. லாரன்ஸ்தான் ஃபோன் செய்வார்.

முடிவு வந்ததும் நான்கு பேரையும் மறுபடி வரச்சொன்னார் டாக்டர். எங்கள் இருவருக்கும் ஒரே நோய். முதன்மை ஹைப்பராக்ஸலூரியா (ஆக்ஸலேட் என்னும் உப்பு பிறவியிலிருந்தே உடலில் அளவுக்கு மீறி உருவாகும் நோய்). அந்த ஆக்ஸலேட் கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகிறது. கல்லாகாதது சிறுநீரகத்தின் சதைக்குள்ளேயே படிந்து அதைக் கெடுக்கிறது. சிறுநீரகம் கெட்ட பிறகு வெளியேற வழியில்லாமல் எலும்பிலும் தோலிலும் கண்ணிலும் இதயத்திலும் போய்ப் படிகிறது. சில மாதங்களாக என் முழங்காலிலும் குதிகாலிலும் இருந்த வலிக்கு அதுதான் காரணம்.

"தப்பு உங்க கிட்னில இல்ல. கல்லீரல்ல இருக்கு," என்றார் டாக்டர். "அங்க ஒரு புரதம். அது கெட்ட புரதமும் இல்ல. வேலை நல்லாத்தான் செய்யும். போகவேண்டிய இடத்துக்கு மட்டும் போகல."

அன்று அவர் சொன்னதையும் பிறகு பலமுறை கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஓயாமல் புரதங்களைச் செய்துகொண்டே இருக்கிறது. புரதம் முதலில் ஒரு நீண்ட சங்கிலியாகத்தான் உருவாகும். பிறகு தன்மேல் தானே மடிந்து மடிந்து ஒரு வடிவத்துக்கு வரும். அந்த வடிவம் வந்தால்தான் அதற்கு வேலை. செல்லுக்குள் தனித்தனி அறைகள் இருக்கின்றன. எந்த அறைக்குப் போக வேண்டும் என்ற குறி அந்தச் சங்கிலியிலேயே இருக்கிறது.

எங்களுடைய புரதம் போக வேண்டியது பெராக்ஸிசோம் (தீங்கான சில பொருட்களை மாற்றிச் சரிசெய்யும் ஒரு நுண்ணிய பை) என்னும் அறைக்கு. அங்கே இருந்துகொண்டு, ஆக்ஸலேட்டாக மாறக்கூடிய பொருளை அது முன்கூட்டியே பிடித்து வேறொன்றாக மாற்ற வேண்டும். பெராக்ஸிசோம் மடிந்து முடிந்த புரதத்தையே உள்ளே வாங்கிக்கொள்ளும். பக்கத்திலேயே மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் பகுதி) இருக்கிறது. அதன் வாசல் குறுகல். மடியாத சங்கிலிதான் நூலைப்போல அதற்குள் நுழைய முடியும்.

எங்கள் புரதத்தின் நுனியில் மைட்டோகாண்ட்ரியாவைக் காட்டும் ஒரு பலவீனமான குறியும் இருக்கிறது. அப்படிப்பட்ட குறி நோயில்லாத பலருக்கும் உண்டாம். அவர்களுக்குத் தொந்தரவில்லை, புரதம் வேகமாக மடிந்துவிடும், மடிந்தபின் அந்த வாசலில் நுழைய முடியாது. எங்களுக்கு இன்னொரு பிழையும் சேர்ந்துகொண்டதால் அது மடியத் தாமதமாகிறது. தாமதமாகும் அந்தச் சிறு பொழுதில் மைட்டோகாண்ட்ரியா அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போய் அது ஒழுங்காகவே மடிகிறது. ஆனால் அது மாற்ற வேண்டிய பொருள் அங்கே இல்லை.

அமல் கேட்டான். "அப்போ டெஸ்பாட்ச்ல தப்புங்களா மேடம்?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். உங்கள் கம்பெனியில் அனுப்புகிறவர் என்று ஒருவர் இருப்பார், செல்லுக்குள் அப்படி யாரும் இல்லை என்றார். புரதத்தின் வடிவம்தான் அதன் வழியை முடிவு செய்கிறது, வடிவம் வரத் தாமதமானால் வழி மாறிவிடுகிறது என்றார்.

பிறகு நாங்கள் கேட்க வந்த விஷயத்துக்கு வந்தார். அமலின் சிறுநீரகத்தை எனக்கு வைத்திருந்தால், என் கல்லீரல் செய்யும் ஆக்ஸலேட் அதையும் விரைவிலேயே கெடுத்திருக்கும். ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருக்கும் அமலுக்கும் அதே நோய். அவனும் டயாலிசிஸுக்கு வந்திருப்பான்.

"ரெண்டு பேரையும் இழந்திருப்போம்," என்றார்.

லாரன்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அமல் மட்டும் விடவில்லை. "சரிங்க மேடம். எனக்குத் தெரிஞ்சிருச்சு. அக்காவுக்கு இப்ப என்ன பண்றது?" கவிதா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது காரில், அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அவளிடமும் அப்பாவிடமும் அந்தப் பிழை ஒவ்வொரு பாதியாக இருந்திருக்கிறது. ஒரு பாதி மட்டும் இருந்தால் நோய் வராது. இரண்டு பாதிகளும் எனக்கும் வந்தன, அமலுக்கும் வந்தன. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். தண்ணீரால் இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

சிகிச்சை என்று கொடுத்தது ஒரு வைட்டமின் மாத்திரை. பைரிடாக்ஸின் (பி6 வைட்டமின்). முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பெரிய நோய்க்கு மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் வைட்டமினா என்று கேட்டேன். இந்த வைட்டமின் அந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, அது சரியாக மடிந்து நிலைக்க உதவுகிறது; சரியாக மடிந்தால் சரியான அறைக்குப் போகும் என்று டாக்டர் விளக்கினார். எல்லாப் பிழைகளுக்கும் இது கேட்காது. எங்கள் வகைப் பிழைக்குக் கேட்க வாய்ப்பிருக்கிறது என்றார். தயவுசெய்து நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். அளவு மிஞ்சினால் கைகால் நரம்புகள் கெடும். பரிசோதித்துப் பார்த்து டாக்டர்தான் அளவைச் சொல்ல வேண்டும்.

அமலுக்குக் கேட்டது. சில மாதங்களில் அவன் சிறுநீரில் ஆக்ஸலேட் நன்றாக இறங்கிவிட்டது. அவன் நாள் முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். லைனில் இருந்தால் அது நடக்காது என்று மருத்துவச் சான்று கொடுத்து ஸ்டோர்ஸுக்கு மாறினான். அலாரம் வைத்துக் குடிக்கிறான். தூக்கத்தில் எழுந்தும் குடிக்கிறான்.

எனக்கோ அதே நோய்க்குத் தண்ணீர் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், அவன் முன்னால் பெரிய பாட்டில் இருக்கும், என் முன்னால் அரை டம்ளர். ஆரம்பத்தில் அவன் நான் பார்க்காதபோது எழுந்துபோய்ச் சமையலறையில் நின்று குடித்தான். ஒருநாள், இங்கேயே உட்கார்ந்து குடி, நீ குடிப்பதைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது என்றேன். அது உண்மைதான். கூடவே தாகமும் எடுத்தது என்பதைச் சொல்லவில்லை.

ஒரு நாள் கவிதா என்னை டயாலிசிஸிலிருந்து கூட்டிப்போக வந்தாள். ஆட்டோவுக்காக நின்றபோது, ஏன் முன்னாடியே என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். குற்றமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"நான் சொல்லியிருந்தா, குடுக்க மனசில்லாம கத கட்டறேன்னுதான் நினைச்சிருப்பீங்க, அக்கா."

"நினைச்சிருப்போம்," என்றேன்.

அவள் தலையாட்டினாள். ஆட்டோ வந்தது. என் பையை அவள் வாங்கிக்கொண்டாள். பிறகு அவள் குழந்தையையும் என் மகளையும் பரிசோதித்தார்கள். இருவரிடமும் அந்தப் பிழையின் ஒரு பாதிதான் இருக்கிறது. நோய் வராது. அந்தச் செய்தி வந்த அன்று அம்மா கவிதாவை அழைத்துச் சாப்பாடு போட்டாள். பழைய பேச்சுக்காக மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மீனில் தலைப்பகுதியை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். எங்கள் வீட்டில் அது அப்பாவுக்கு வைப்பது.

எனக்கும் மாத்திரை கேட்டது, ஆனால் மெதுவாக. கல்லீரல் இப்போது குறைவாகத்தான் ஆக்ஸலேட் செய்கிறது. ஆனால் எலும்புக்குள் வருடக்கணக்காகப் படிந்தது கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குத் திரும்பி வர, அதை இயந்திரம் எடுத்துப்போட வேண்டும். வந்த வேகத்தில்தான் போகும் என்றார் டாக்டர். டயாலிசிஸைக் கூட்டினார்கள். இப்போது வாரத்தில் ஞாயிறு தவிர இரண்டு நாட்கள்தான் எனக்கு ஓய்வு.

இந்த நோயில் பலருக்குக் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். புதிய ஊசி மருந்துகளும் வந்திருக்கின்றன, எங்களுக்கு எட்டவில்லை. மாத்திரை கேட்பதால் எனக்குச் சிறுநீரகம் மட்டுமே போதுமாயிருக்கலாம் என்று நீண்ட யோசனைக்குப் பிறகு டாக்டர் முடிவு செய்தார். இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் உறுப்புக்காகப் பெயரைப் பதிந்தோம்.

எதையும் எதிர்பார்க்காமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு காலையில் பெங்களூர் மருத்துவமனையிலிருந்து ஃபோன் வந்தது. ஒரு சிறுநீரகம் கிடைத்திருக்கிறது, எதுவும் சாப்பிடாமல் உடனே வாருங்கள் என்றார்கள். லாரன்ஸ் ஷிஃப்டில் இருந்தார். கவிதா குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு என்னோடு கிளம்பினாள். என்னைப்போல இன்னொருவரையும் அழைத்திருந்தார்கள். அவர் ஓர் ஓட்டுநர். ரத்தம் யாருக்கு நன்றாகப் பொருந்துகிறதோ அவருக்கு வைப்பார்கள். மற்றவர் திரும்பிப் போக வேண்டும். அவருடைய மனைவி வராந்தாவில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து ஜெபமாலை போல எதையோ விரல்களில் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பார்த்தால், அது சேலை முந்தானையின் குஞ்சம்.

மத்தியானம் தாண்டி வந்து சொன்னார்கள். அவருக்குத்தான் பொருந்தியது. அந்தப் பெண் எழுந்து நின்றாள். எங்களைப் பார்த்துச் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். போங்கம்மா, கூப்பிடறாங்க என்றேன். அவளுக்குத் தமிழ் தெரியவில்லை. கவிதா கன்னடத்தில் சொன்னாள்.

பஸ்ஸில் திரும்பினோம். அத்திப்பள்ளியில் ஷிஃப்ட் முடிந்த கம்பெனி வண்டிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நகராமல் நின்றன.

"அழுக வரலியா, அக்கா?" என்று கவிதா கேட்டாள்.

"பசிக்குது."

அவள் சிரித்துவிட்டு, உடனே சிரித்ததற்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முன்பெல்லாம் என் காலம் முழுவதும் அறுவைக்கு முன், அறுவைக்குப் பின் என்றே இருந்தது. பின் என்பதில்தான் எல்லாவற்றையும் போட்டுவைத்திருந்தேன். அன்று அந்த நெரிசலில் நின்றபடி நான் வரும் வாரத்தை யோசித்துக்கொண்டிருந்தேன். மகளுக்குச் சீருடைத் துணி தைக்கக் கொடுக்க வேண்டும். மாடிக்குப் போகும் விளக்கு எரியவில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். தவக்காலம் வருகிறது, கோயிலில் சிலுவைப் பாதை ஜெபத்தின் பதினான்கு தலங்களில் எத்தனை தலம் வரை முழங்கால் தாங்குகிறதோ அத்தனை தலம் நிற்க வேண்டும். போன வருடம் நிற்கவே முடியவில்லை. யோசித்து முடித்த பிறகுதான் கவனித்தேன். அந்த வாரத்தில் புதுச் சிறுநீரகம் எங்கேயும் இல்லை. டயாலிசிஸ் நாட்கள் மட்டும் அவற்றின் இடத்தில் இருந்தன, வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை இருப்பதுபோல.

ஓசூரில் இறங்கி இட்லி சாப்பிட்டோம்.

மறுநாள் காலை டயாலிசிஸுக்கு முன் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறினேன். கூடியிருந்தது. நர்ஸ் குறித்துக்கொண்டே, நேற்று எங்கே போனீர்கள், ஃபோன் எடுக்கவில்லையே என்று கேட்டாள். பெங்களூருக்கு என்றேன். எதற்கு என்று கேட்பதற்குள் பக்கத்துப் படுக்கையில் மணி அடித்தது. அவள் அங்கே போனாள். நான் என் படுக்கையில் ஏறி, போர்வையைக் காலுக்கு இழுத்துவிட்டு, அவள் திரும்பி வருவதற்காகக் கையை நீட்டி வைத்தேன்.